வீடு துடைக்கும் ரோபோ: பத்தாயிரமா, ஒரு லட்சமா?

அம்பத்தூரில் எங்கள் குடியிருப்பில் யாராவது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்றால் பிரிண்டர் முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாம் தெரிந்திருக்கும் என்பது இங்கே பொதுவான நம்பிக்கை. கொஞ்ச நாட்களாகக் கேள்வி மாறியிருக்கிறது. "தம்பி, வீடு பெருக்கி மாப் போடும் ரோபோ ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். பத்தாயிரத்துக்கும் இருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் இருக்கிறது. எதை வாங்குவது?"

இதை விளையாட்டுப் பொருள் என்று நான் ஒதுக்குவதில்லை. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. என் அம்மாவும் அந்தக் கட்சிதான். குனிந்து தரை துடைக்க முடியாத ஒருவருக்கு தினமும் சுத்தமான தரை கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் ஒரு லட்சம் என்பது பல வீடுகளில் இரண்டு மாதச் சம்பளம். எனவே யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பதில் இதுதான். இரண்டும் வேண்டாம். இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குள், லேசர் மூலம் வீட்டின் வரைபடத்தைத் தானே போட்டுக்கொள்ளும், கேமரா இல்லாத ஒரு ரோபோவை வாங்குங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது துடைப்பம் கட்டிய பொம்மை அல்ல. சக்கரம் வைத்த கம்ப்யூட்டர். உள்ளே பிராசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, பலவற்றில் லினக்ஸ் ஓடுகிறது. கம்ப்யூட்டர் வாங்கும்போது நீங்கள் என்னென்ன கேட்டீர்களோ அதையெல்லாம் இங்கேயும் கேட்க வேண்டும்.

வீட்டுக்கான இந்த ரகம் 2001-ல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் கொண்டுவந்த டிரைலோபைட்டில் தொடங்கியது. அடுத்த வருடமே, எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் ஆரம்பித்த ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா வந்தது. விலை சுமார் 200 டாலர். அதற்குப் பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. நம் ஊரில் பலருக்கு ஆசை வந்தது 2020 ஊரடங்கில். வீட்டு வேலைக்கு யாரும் வர முடியாத அந்த ஏப்ரலில் ஷாவ்மி தன் லேசர் ரோபோவை இந்தியாவில் 17,999 ரூபாய்க்கு முன்பதிவு முறையில் விற்க ஆரம்பித்தது. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு இது எட்டும் என்ற நினைப்பு அப்போது வந்ததுதான்.

கண் எங்கே இருக்கிறது?

பத்தாயிரம் ரூபாய் ரோபோவுக்கும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் ரோபோவுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் உறிஞ்சுவதில் இல்லை, பார்ப்பதில் இருக்கிறது.

மலிவு ரகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நேராகப் போய் முட்டி, வேறு பக்கம் திரும்பி, மறுபடி முட்டும் வகை. ஆரம்ப கால ரூம்பாக்கள் இப்படித்தான் ஓடின. ஒரு மணி நேரம் சுற்ற விட்டால் அறையின் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். ஆனால் எதைத் தொட்டது, எதை விட்டது என்று அதற்கே தெரியாது. இன்னொன்று, கைரோஸ்கோப்பை வைத்துத் திசையையும், சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத் தூரத்தையும் கணக்குப் போட்டு, உழுவதுபோல் வரிசை வரிசையாகப் போகும் வகை. கண்ணைக் கட்டிக்கொண்டு, காலடியை எண்ணிக்கொண்டே உங்கள் ஹாலில் நடந்து பாருங்கள். முதல் பத்து அடி சரியாக இருக்கும். சோபாவில் ஒருமுறை இடித்துத் திரும்பினால் கணக்கு கலைய ஆரம்பிக்கும். இந்த ரோபோவின் நிலையும் அதேதான். அதிலும் மாப் போடும்போது ஈரமான டைல்ஸில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும். சக்கரம் சுற்றியிருக்கும், ரோபோ நகர்ந்திருக்காது. நகர்ந்ததாக நினைத்துக்கொண்டு அது பாட்டுக்கு அடுத்த வரிசைக்குப் போய்விடும்.

லேசர் ரகத்தின் தலையில் ஒரு சிறிய கொண்டை இருக்கும். அது சுற்றிக்கொண்டே லேசர் கதிரை வீசி, சுவரிலும் கட்டில் காலிலும் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளக்கிறது. அளக்க அளக்க வீட்டின் படம் உருவாகிறது. அதே படத்தில் 'நான் இப்போது எங்கே இருக்கிறேன்' என்பதையும் குறித்துக்கொள்கிறது. இந்த முறையை வீட்டு ரோபோக்களுக்கு முதலில் கொண்டுவந்தவற்றில் ஒன்று 2010-ல் வந்த நீட்டோ. அன்றைக்கு ஆடம்பரமாக இருந்த அந்தத் தொழில்நுட்பம் இன்றைக்கு நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. சார்ஜ் குறைந்தால் தானே போய் சார்ஜ் செய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவில் விளக்கை அணைத்த பிறகும் வேலை செய்யும். சமையலறையை மட்டும் சுத்தம் செய் என்றால் அதை மட்டும் செய்யும்.

நம் வீடுகளுக்கு இதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. 'இங்கே வராதே' என்று ஆப்பில் கட்டம் போட்டுவிடலாம். பூஜை அறையில் அம்மா போட்ட கோலத்தை ரோபோ குப்பை என்றுதான் நினைக்கும். அதன் கணக்கில் அது வெறும் மாவு. கேமரா வைத்த விலை உயர்ந்த ரோபோக்கள் செருப்பு, ஒயர், நாய்க்குட்டி என்று அடையாளம் கண்டு ஒதுங்கப் பழக்கப்பட்டவை. கோலத்தைக் கண்டு ஒதுங்கும் என்று நம்பி விடாதீர்கள். தரையில் குத்துவிளக்கு ஏற்றும் வீட்டில் அந்தக் கட்டம் கட்டாயம் வேண்டும். வரைபடம் இல்லாத மலிவு ரோபோவில் இந்தக் கட்டத்தைப் போட வழியே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் பத்துப் பதினைந்தாயிரம் கொடுக்கலாம் என்பேன்.

வாங்குவதற்கு முன் ஸ்கேலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் அளந்து பாருங்கள். லேசர் கொண்டையோடு சேர்த்து ரோபோவின் உயரம் பெரும்பாலும் பத்து சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். கொண்டை இல்லாத மலிவு ரோபோ எட்டு சென்டிமீட்டர் இடைவெளியிலேயே நுழைந்துவிடும். தரை வரைக்கும் கண்ணாடி பதித்த வார்ட்ரோப் இருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு அறை இருப்பதாக வரைபடத்தில் காட்டும். பயப்பட வேண்டாம், அங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பாஸ்கல் பந்தயம்

பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? பாட்டு போட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ரோபோ பெட்டிகளில் இப்போது அந்த இடத்தைப் பிடித்திருப்பது பாஸ்கல். 2020-ல் வந்த அந்த ஷாவ்மியின் உறிஞ்சும் அழுத்தம் 2,100 பாஸ்கல். இன்றைக்கு 10,000, 20,000 என்று போட்டுக்கொண்டே போகிறார்கள்.

எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது உச்ச வேகத்தில் எடுத்த அளவு. அந்த வேகத்தில் ஓடினால் சத்தம் காதைப் பிளக்கும், பேட்டரியும் சீக்கிரம் காலியாகும். தினசரி யாரும் அதில் ஓட்டுவதில்லை. மேலும், இவ்வளவு உறிஞ்சும் சக்தி யாருக்குத் தேவை? சுவருக்குச் சுவர் கார்ப்பெட் விரித்த அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளுக்கு. கார்ப்பெட் இழைக்குள் புதைந்த தூசியை இழுக்க அது வேண்டும். கார்ப்பெட் வந்ததும் மாப்பைத் தூக்கிக்கொள்ளும் வசதி, கார்ப்பெட்டைக் கண்டதும் வேகம் கூட்டும் வசதி என்று ஒரு லட்சம் ரூபாய் ரோபோவின் விலையில் ஒரு பகுதி கார்ப்பெட்டுக்காகவே போகிறது. நம் வீட்டில் டைல்ஸ், மொசைக், கிரானைட். தூசி மேலேயே கிடக்கிறது. சென்னை–திருவள்ளூர் சாலையில் லாரி கிளப்பும் புழுதியானாலும், பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோ வேலையில் பறந்த சிமென்ட் தூளானாலும், மூவாயிரம் பாஸ்கல் இருந்தால் தாராளம். இப்படிப்பட்ட நுண்ணிய தூசியில் முதலில் அடைத்துக்கொள்வது ஃபில்டர்தான். எனவே ஃபில்டரும் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று முதலில் பாருங்கள். பாஸ்கலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய் தேய்த்த நீளமான தலைமுடி இன்னொரு எதிரி. எந்த விலை ரோபோவானாலும் வாரம் ஒருமுறை கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியிருக்கும். ரப்பர் பிரஷ்ஷில் முடி கொஞ்சம் குறைவாகச் சுற்றும்.

அந்தப் பெரிய பெட்டி

விலை உயர்ந்த ரோபோவோடு ஒரு பெரிய டாக் வரும். குப்பையைத் தானே இழுத்துக்கொள்ளும், மாப் துணியை வெந்நீரில் அலசும், சூடான காற்றில் உலர்த்தும். விளம்பரத்தில் பார்த்தால் மயங்கித்தான் போவோம். உலர்த்தும் வசதி நம் சென்னைக் கசகசப்புக்கு உண்மையிலேயே நல்லது; ஈரத்துணியை அப்படியே விட்டால் மறுநாளே வாடை அடிக்கும்.

ஆனால் வேலை ஒழிந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. டாக்கில் நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், அழுக்குத் தண்ணீருக்கு ஒன்று. பலவற்றில் டேங்குக்கு மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கும். நான்கு லிட்டர் என்றால் நான்கு கிலோ. அதை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தூக்கிப் போய்க் கொட்ட வேண்டும். கொட்டாமல் விட்டால் நாற்றம். முழங்கால் வலிக்காக வாங்கிய மெஷின், தோள்பட்டையில் வேலை வைக்கிறது! இதில்லாத சாதாரண ரோபோவின் தண்ணீர் டேங்க் முந்நூறு மில்லி அளவுதான். மாப் துணியை நாமே கழற்றி அலச வேண்டும். வாஷ் பேசினில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை அது. குனிய வேண்டியதில்லை.

தண்ணீரையும் யோசியுங்கள். அம்பத்தூர், ஆவடி பக்கம் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் பக்கெட்டிலும் குழாயிலும் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ரோபோவின் மெல்லிய தண்ணீர்க் குழாயிலும் படியும். வெந்நீர் வைக்கும் டாக்கில் இன்னும் வேகமாகப் படியும். கீசர் காயில் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்ன டேங்க் என்றால் ஒரு டம்ளர் குடிதண்ணீர் ஊற்றிவிடலாம். நான்கு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரைத் தரை துடைக்க ஊற்ற எந்த அம்மாவுக்கும் மனசு வராது. பினாயிலை டேங்கில் ஊற்றவே கூடாது. நிறுவனம் அனுமதிக்கும் திரவம் எது என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு, துணியைக்கூடப் பிழிய முடியாத கைவலி உள்ளவர்களுக்கு, டேங்கைத் தூக்க ஆள் இருந்தால் டாக் உள்ள ரோபோ சரிதான். அவர்களிடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒற்றை அறை போர்ஷனில் இருக்கும் பேச்சிலர்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் ரோபோ போதும். அந்த அறையில் தொலைந்து போக இடமே இல்லை.

நிலைப்படி

ஆவடியில் என் சித்தி வீடு பழைய தனி வீடு. ஒவ்வொரு அறைக்கும் நிலைப்படி ஒன்றரை அங்குலம், கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர். சாதாரண ரோபோ ஏறக்கூடியது இரண்டு சென்டிமீட்டர்தான். நான்கு சென்டிமீட்டருக்கு மேல் ஏறும் கால் வைத்த ரோபோக்கள் 2025 வாக்கில் வந்திருக்கின்றன. அவையெல்லாம் உச்ச விலை ரகம். "சித்தி, இந்த வீட்டுக்கு ரோபோ சரிப்படாது, நீளக் கைப்பிடி வைத்த ஸ்பின் மாப் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அறைக்கு அறை ரோபோவைத் தூக்கி வைப்பதானால் வாங்குவதற்கே அர்த்தமில்லை. கறுப்புக் கிரானைட் பதித்த தரையிலும் எச்சரிக்கை வேண்டும். படியிலிருந்து விழாமல் இருக்க அடியில் உள்ள சென்சார், கறுப்பைப் பள்ளம் என்று நினைத்துத் தயங்கி நிற்கக்கூடும்.

நம்மோடு இருக்கிறதா, கம்பெனியோடு இருக்கிறதா?

கம்ப்யூட்டர்காரன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டர், தயாரித்த நிறுவனம் மூடிவிட்டாலும் வேலை செய்யும். ரோபோ அப்படியல்ல. போனில் நீங்கள் ஆப்பைத் தொட்டால் அந்தக் கட்டளை பெரும்பாலும் எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் ஹாலுக்குத் திரும்பி வருகிறது.

மேலே சொன்ன நீட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கியிருந்த ஜெர்மனியின் வோர்வெர்க் நிறுவனம் 2023-ல் நீட்டோவை மூடியது. சர்வரை ஐந்து வருடமாவது ஓட்டுவோம் என்றார்கள். 2025-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆப் போயிற்று, ரோபோவின் மேல் உள்ள பட்டனை அழுத்தி ஓட்டலாம், அவ்வளவுதான். ரூம்பாவின் ஐரோபாட்டும் 2025 டிசம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது; அதற்கு ரோபோ தயாரித்துக் கொடுத்துவந்த சீன நிறுவனமே அதை வாங்கிக்கொள்வதாக அப்போது ஏற்பாடானது. பெரிய பெயர், பெரிய விலை என்பதெல்லாம் இதற்குக் காப்பு இல்லை.

அடுத்தது கேமரா. 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ ஒரு செய்தி வெளியிட்டது. சோதனைக்காகக் கொடுக்கப்பட்ட ரூம்பாக்கள் எடுத்த படங்கள், ஒரு பெண் கழிவறையில் இருந்த படம் உட்பட, படங்களைத் தரம் பிரிக்கும் வேலை செய்தவர்கள் மூலம் இணையத்தில் கசிந்திருந்தன. அவை கடையில் விற்றவை அல்ல, ஒப்புக்கொண்டவர்களின் வீட்டில் ஓடிய சோதனை ரோபோக்கள் என்று நிறுவனம் சொன்னது. 2024-ல் அமெரிக்காவில் சில வீடுகளில் எக்கோவாக்ஸ் ரோபோக்களை யாரோ வெளியிலிருந்து கைப்பற்றி, அதன் ஸ்பீக்கர் வழியாக வீட்டாரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அதுவும் மலிவு மாடல் அல்ல.

லேசர் ரோபோவுக்கும் உங்கள் வீட்டின் வரைபடம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் சுவர் எங்கே என்பது தெரிவதும், நைட்டியில் உட்கார்ந்து காய் நறுக்கும் அம்மா தெரிவதும் ஒன்றல்ல. தரையில் கிடக்கும் ஒயரைக் கண்டு ஒதுங்கத்தானே கேமரா? ஒயரை நாமே எடுத்து வைத்துவிடலாம்.

எனவே வாங்கும் முன் கடைக்காரரிடமோ, ஏற்கெனவே வாங்கியவரிடமோ ஒன்று கேளுங்கள்: ரௌட்டரை ஆஃப் செய்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் வீடு முழுவதும் சுத்தம் செய்து, தானே திரும்பி வந்து சார்ஜில் நிற்குமா? நிற்கும் என்றால் நல்ல ரோபோ. நம் பக்கம் கரன்ட் போய் வரும்போது ரௌட்டர் எழுந்திருக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வை-ஃபை பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ரோபோக்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். உங்கள் ரௌட்டரில் 2.4, 5 என்று இரண்டு பெயர் தெரிந்தால், போனை முதலில் 2.4-ல் சேர்த்துவிட்டுப் பிறகு ரோபோவைச் சேருங்கள். 'ரோபோ கெட்டுவிட்டது' என்று எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இதுதான். ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் ரோபோவை அதில் விடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் அதற்கு என்ன வேலை?

இன்னொரு கேள்வியும் வருகிறது. ரோபோ வந்துவிட்டால் வேலைக்கு வரும் அக்காவை நிறுத்திவிடலாமா? எங்கள் தெருவில் பெருக்கித் துடைக்க மாதம் இரண்டாயிரம் ரூபாய் சுற்றி வாங்குகிறார்கள். பத்து மாதச் சம்பளத்தில் ரோபோ வந்துவிடும் என்று கால்குலேட்டரைத் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு தப்பு. மாடிப்படி, பால்கனி, பாத்ரூம், அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த சாம்பார் கறை இதெல்லாம் ரோபோவால் ஆகாது. தினசரித் தூசியை எடுப்பதோடு அதன் வேலை சரி. அந்த இரண்டாயிரத்தை நம்பி ஒரு குடும்பம் நடக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். எங்கள் வீட்டில் அக்கா தொடர்ந்து வருகிறார். ஹால் வேலை குறைந்ததால் அந்த நேரத்தில் ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை என்று வருடக்கணக்கில் யாரும் தொடாத இடங்களைத் துடைக்கிறார். சம்பளம் அதேதான்.

கடைசியாக சர்வீஸ். பில் போடும் முன் உங்கள் பின்கோடுக்கு சர்வீஸ் உண்டா, ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது கூரியரில் அனுப்ப வேண்டுமா, பேட்டரிக்கு வாரன்டி எத்தனை மாதம், வாரன்டி முடிந்த பிறகு பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களில் பேட்டரி தளரும். நம் வெயிலில் கொஞ்சம் சீக்கிரமே தளரும். ரோபோ வந்த பெட்டியையும் தெர்மாகோலையும் ஒரு வருடமாவது பரணில் போட்டு வையுங்கள். கூரியரில் அனுப்ப வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.